ஆர்டர் படுத்துவிட்டால் தொழிலில் எதை மாற்றுவது? கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர்): சார், சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர் மெஷினில் கடைசல்) ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை, செய்கிறோம். ஒரே கார் உதிரிபாக கம்பெனியைத்தான் நம்பியிருந்தோம், ஆர்டர் பாதியாகிவிட்டது. மருத்துவக் கருவி பக்கம் போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பெரும்பாலும் ஐஎஸ்ஓ 13485 என்ற மருத்துவக் கருவித் தரச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ், சாம்பிள், ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை இஎம்ஐ காத்திருக்காது. மெஷினும் டூலிங்கும் அப்படியே இருக்கட்டும், பார்ட்டியை மட்டும் மாற்றுங்கள். பம்ப் ஷாஃப்ட், வால்வு பாகம் செய்பவர்களிடம் டிராயிங் வாங்கிப் பாருங்கள். மெட்டீரியல் அவர்களுடையது, கூலி மட்டும் உங்களுடையது என்று பேசினால் ராடில் பணம் முடங்காது. சரக்கு டெலிவரி சலானில் வரட்டும். ஜிஎஸ்டிப்படி ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போக வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது செட்டிங்கில், அதாவது ஒவ்வொரு லாட்டுக்கும் முன் மெஷினைத் தயார் செய்யும் நேரத்தில். மெஷின் மணிக்கு 400 ரூபாய், செட்டிங் 2 மணி நேரம் என்றால் 500 பீஸ் லாட்டில் பீஸுக்கு 1.60 ரூபாய். புது பார்ட்டி 100 பீஸ்தான் தருவார், அதே செட்டிங் 8 ரூபாய். பழைய ரேட்டிலேயே கோட் செய்தால் ஓட்ட ஓட்ட நஷ்டம்.

கேள்வி (கிண்டி): நாங்களும் ஜாப் ஒர்க்தான். பழைய பில் 90 நாளாக வரவில்லையே?

பதில்: சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா? இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி அவர்கள் பணம் தர வேண்டிய கெடு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. ஆனால் எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம், அவர்களுடைய அக்கவுண்டன்ட்டிடம் பேசுங்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு வைத்த கெடு தாண்டிய பாக்கியைக் கட்டிய பிறகுதான் அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இந்தப் பேச்சு எடுபடும்.

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, எங்கள் மெஸ்ஸுக்கு வரும் ஐடி ஆட்கள் குறைந்துவிட்டார்கள். டெலிவரி ஆப்பில் சேரலாமா?

பதில்: முதலில் கணக்குப் போடுங்கள். சாப்பாடு 120, கமிஷன் 25 சதவீதம் என்று வையுங்கள்: 30 போச்சு. டப்பா 12, சாமான் 55. மிச்சம் 23 ரூபாயில் கேஸ், ஆள், வாடகை எல்லாம். ஆப்பை விளம்பரமாக வைத்துக்கொண்டு, 2 கிலோமீட்டருக்குள் மாதச் சந்தா பிடியுங்கள். 22 வேலை நாள், பணம் முன்கூட்டியே. முழுச் சாப்பாடு வேண்டாம், கலந்த சாதம்தான் பயணம் தாங்கும். ஆவி அடங்காமல் மூடினால் சாதம் வியர்த்து, மேலே வைத்த அப்பளம் நமுத்துவிடும். அப்பளத்துக்குத் தனிக் கவர்.

கேள்வி (பல்லாவரம்): கையில் 20 நாள் காசுதான். சம்பளத்தைக் குறைக்கவா?

பதில்: அதற்கு முன், கடன் இருந்தால், தவணையை மாற்றியமைக்கக் கேட்டு வங்கிக்குப் போங்கள், அதுவும் தவணை தவறுவதற்குள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்; அப்புறம் புதுக் கடன் எந்த வங்கியிலும் கஷ்டம்.