உப்புக்காத்து ஊருல வீட்டு ஆபீஸ் அலமாரி

கேள்வி: அண்ணே, பாம்பன்ல கடலை ஒட்டி எங்க வீடு. வீட்டுல இருந்துதான் கம்ப்யூட்டர் வேலை, தனி ரூம் கிடையாது, ஹால்ல ஒரு ஓரம்தான். பகல்ல மேசை, ராத்திரி மூடுனா அலமாரி, அப்படி மரத்துல ஒண்ணு செய்யணும். ரெடிமேடா வாங்குனது ஒரே மழைக்காலத்துல அடிப்பக்கம் உப்பிப்போச்சு. என்ன மரம் போடலாம்? (வாசகி, பாம்பன்)

பதில்: உப்புனது மரமே இல்லம்மா, மரத்தூளை பசை போட்டு அழுத்துன போர்டு, ஓரத்துல ஒட்டுன டேப் லேசா பிரிஞ்சாலே ஈரத்தைக் குடிச்சிரும், ஒருதடவை உப்புனா பழையபடி வராது. காலுக்கும் சட்டத்துக்கும் பூவரசு போடுங்க, நம்ம கடற்கரையிலயே வளர்ற மரம், தோணி கட்டவே போடுறது. அகலமான பலகைக்கு ஐ.எஸ். 710-ங்கிற தர முத்திரை உள்ள, ஈரம் தாங்குற மெரைன் ப்ளைவுட், 18 எம்.எம். போதும், ஆனா வெட்டுன ஓரம் எல்லாத்தையும் பெயிண்டோ வார்னிஷோ வச்சு மூடச் சொல்லுங்க, தண்ணி உள்ள போற வழியே அதுதான்.

மரத்தைப் பத்தி இவ்வளவு யோசிக்கிறோம், ஆனா நம்ம ஊருல முதல்ல போறது இரும்புதான். சாதா ஸ்க்ரூ, கீல் எல்லாம் துருப்பிடிச்சு மரத்தையும் சேத்துக் கெடுக்கும். பித்தளைக் கீலு, பித்தளை ஸ்க்ரூ கேட்டு வாங்குங்க, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா 316-ங்கிற ரகம், 304 ரகத்துல கடல்காத்து பட்டா பழுப்புப் புள்ளி விழும். ட்ராயருக்கு சின்ன இரும்புக் குண்டு வச்சு ஓடுற சேனல் வேண்டவே வேண்டாம், கொஞ்ச நாள்ல இறுகிப்போயி இழுக்க வராது. மரச்சட்டத்து மேலயே ஓடுற மாதிரி செஞ்சு, அந்த ஓடுற இடத்துல மெழுகுவத்தியை அழுத்தித் தேய்ச்சா வழுக்கிட்டு வரும்.

அளவு சொல்றேன், ஆசாரிகிட்ட காட்டுங்க. 3 அடி அகலம், 6 அடி உயரம், 16 இஞ்ச் ஆழம். தரையிலிருந்து 29 இஞ்ச்ல கீழ்நோக்கித் திறக்குற கதவு, அதுதான் மேசை. அதைத் தாங்க சங்கிலி வேண்டாம், கதவுக்கு அடியில ரெண்டு பக்கமும் வெளிய இழுக்குற மரக்கட்டை வைங்க, உறுதியா நிக்கும். 3 அடித் தட்டு ஃபைல் பாரத்துல நடுவுல தொங்கும், அதனால முன்னோரத்துல ஒன்றரை இஞ்ச் பட்டி அடிச்சிருங்க. தட்டை ஆணித்துளையில ஏத்தி இறக்குற மாதிரி வச்சா, நாளைக்கு நீங்க ஆபீசுக்கே போனாலும் பிள்ளைங்களுக்கு புக் ஷெல்ஃபா ஆயிரும். பின்பலகையில வயருக்கு 2 இஞ்ச் ஓட்டை, சுவத்துலருந்து 2 இஞ்ச் தள்ளி, காலு 4 இஞ்சாவது வேணும், அடியில கூட்டவும் முடியும், கரையான் ஏறுனா கண்ணுலயும் படும். கோடையில செய்றீங்கன்னா கதவோரம் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்க, ஐப்பசி மழையில மரம் ஊதி இறுகிக்கும்.

கேள்வி: சீமைக்கருவேல மரத்துல மேசை செய்யலாமா? (வாசகர், முதுகுளத்தூர்)

பதில்: தாராளமா, கெட்டியான மரம், காஞ்ச பிறகு அவ்வளவா வளையாது. நம்ம மாவட்டத்துல அத்தனையும் கரி மூட்டத்துக்கே போறது எனக்கு வருத்தம்தான். நேரா, பருமனா கட்டை கிடைக்கிறது கஷ்டம், அதனால மேசைப் பலகைக்கு எதிர்பாக்காதீங்க. காலு, ட்ராயர் பிடி, லேப்டாப்பை உயர்த்தி வைக்கிற சின்ன ஸ்டாண்ட் இதுக்கெல்லாம் அருமையா வரும், ஆனா பச்சைக்கட்டையில செய்யாதீங்க, நிழல்ல நல்லாக் காய விட்டு அப்புறம் கொடுங்க.