சங்கிலியும் கஞ்சித் தூக்கும்

கேள்வி: என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் கைதி. ஒன்பது வருடமாக உள்ளே இருக்கிறான். வாயில் புற்றுநோய்; முற்றிவிட்டது, இனி ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் கைதிகள் வார்டில் பார்த்தேன். காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தது. தூக்குவாளியில் கொண்டுபோன கஞ்சியைக் கொடுக்க விடவில்லை. கடைசிக் காலத்தில் வீட்டில் வைத்துப் பார்க்க ஆசை. "கொன்னவனுக்கு என்ன கரிசனம்?" என்கிறார் என் வீட்டுக்காரர். நான் கேட்பது தப்பா?
- பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: தப்பே இல்லை, சகோதரி. வீட்டுக்காரர் கோபத்தையும் நான் குறை சொல்லமாட்டேன். செத்தவர் வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள். ஆனால் கோர்ட் கொடுத்தது ஆயுள் சிறை. வலியில் துடிக்கவிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இருக்காது.

முதலில் சங்கிலி. அசாமில் ஆஸ்பத்திரியில் இருந்த கைதிகளைக் கட்டிலோடு விலங்கிட்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதினார். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் கைதிக்கு விலங்கு போடக்கூடாது என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. வழிக்காவல் போலீஸ்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்; கைதி தப்பினால் தன் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் அவர் பூட்டுகிறார். சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, நகலை மாவட்ட முதன்மை நீதிபதிக்கு அனுப்புங்கள்.

அடுத்தது வீடு. கவர்னர் வரை போகிற முன்விடுதலைக் கோப்பு எப்போது திரும்புமோ, உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. விடுப்புக் கேளுங்கள். (பரோல் என்று நாம் சொல்வதற்குச் சட்டத்தில் பெயர் விடுப்பு.) இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1982-ம் வருட விதிகளின்படி அம்மாவோ அப்பாவோ சாகக் கிடந்தால் கைதிக்கு அவசர விடுப்பு உண்டு. கைதியே சாகக் கிடந்தால் அந்தப் பட்டியலில் இடமில்லை! ஆனால் அரசு விதியைத் தளர்த்தலாம். பேரறிவாளனின் உடல்நிலைக்காக அவர் தாயார் கேட்டபோது, 2021 மே மாதம் அப்படித்தான் 30 நாள் கிடைத்தது. அரசு அசையாவிட்டால் மதுரைக் கிளை ஹைகோர்ட்.

வக்கீலுக்குக் கடன் வாங்காதீர்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைக்கும். 15100-க்குப் போன் செய்யுங்கள். டாக்டர் சீட்டில் "சீரியஸ்" என்று மட்டும் இருந்தால் போதாது. நோய் எந்த நிலையில் இருக்கிறது, குணமாக்கும் சிகிச்சை இனி இல்லை, வலி தணிக்கும் சிகிச்சை மட்டுமே என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். மனுவில் எழுதப்போவது அவர் வீட்டு விலாசம். போலீஸ் விசாரிக்க வந்து நிற்பதும் அவர் வாசலில்தான். அவர் சம்மதிக்காமல் மனுப் போடாதீர்கள். அண்ணன் செய்தது சரி என்று அவரிடம் வாதாட வேண்டாம். ஒரு கட்டில் போட இடம் மட்டும் கேளுங்கள்.

சம்மதித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார். வாய்ப் புற்றுக்காரருக்கு விழுங்குவது சிரமம். கஞ்சியை எவ்வளவு வடிகட்ட வேண்டும், குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டுமா என்று அந்த நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.