ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பும் வயிறு

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்: “இப்போதெல்லாம் ராத்திரி மூன்று மணிக்கு வயிறு பிசைந்து எழுப்பிவிடுகிறது, போனால் கொஞ்சம் சளியும் ரத்தமும்தான் வருகிறது.” தம்பி, முதல் வரியாக எழுதியிருக்க வேண்டியது இது.

நீங்கள் கேட்ட மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். ராத்திரியில் தயிர் சாப்பிடலாம். நாக்கில் வெள்ளை படிவது பெரிய விஷயமில்லை, பல் தேய்க்கும்போது வழித்துவிடுங்கள். வயிறு கடமுடாவென்று சத்தம் போட்டால் போடட்டும். பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிட்ட அத்தோவின் (பர்மா நூடுல்ஸ்) மேல் பழி போட வேண்டாம்.

இப்போது மூன்று மணிக்கு வருவோம். காசிமேட்டில் பாதிப் பேர் அந்த நேரத்தில் மீன் ஏலத்துக்கு எழுகிறவர்கள்தான். நீங்கள் கன்டெய்னர் யார்டில் பில் போடுகிறவர், ஒன்பது மணிக்குப் போனால் போதும். வாயு, பதற்றத்தில் வயிறு கலக்குவது, ஐபிஎஸ் (IBS, குடலில் புண் இல்லாமலே வயிறு படுத்துவது) என்று டாக்டர்கள் நாங்கள் சொல்லும் தொந்தரவு எல்லாம் பகலில் பாடாய்ப் படுத்தும், வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு தடவை ஓட வைக்கும். ஆள் தூங்கிவிட்டால் பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு அப்படிப்பட்டதல்ல. மலக்குடலின் உள்தோல் புண்ணாகியிருந்தால், ஒரு ஸ்பூன் சளி சேர்ந்தாலே குடல் நிறைந்துவிட்டது போல அவசரம் வரும். ஓடிப்போய் உட்கார்ந்தால் வருவதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இதுதான்.

மூலம் என்று நீங்களே முடிவுகட்டித் துத்திக்கீரை சாப்பிட்டிருக்கிறீர்கள். மூலத்தில் ரத்தம் பெரும்பாலும் மலம் போன பிறகு, சிவப்பாக, சொட்டுச் சொட்டாக விழும். பெரும்பாலும் சளியோடு கலந்து வராது, தூக்கத்தைக் கலைக்காது, இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ எடையையும் குறைக்காது. நடுவில் மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டு நிறுத்தி, மறுபடி மூன்று நாள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? அமீபாவாக இருந்திருந்தால் இப்படி அரைகுறையாகப் போட்டதில் அது மலப் பரிசோதனையில் சிக்காமல் போயிருக்கும், நோய் மட்டும் அங்கேயே இருக்கும். காலையில் எழுந்தால் இடுப்பு விறைப்பாக இருக்கிறது என்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வேறு. குடல் அழற்சியோடு சேர்ந்தே அப்படி இடுப்பு பிடித்துக்கொள்வது உண்டு. அந்த மாத்திரையே குடலைக் கிளறிவிடுவதும் உண்டு. இன்றோடு அதை நிறுத்துங்கள்.

அப்புறம் அந்தப் புரோபயாடிக் கேப்சூல். இரண்டு மாதமாக, நாளைக்கு இரண்டு. எலிகளுக்கு அந்த ‘நல்ல பாக்டீரியா’வைக் கொடுத்ததில் குடல் அழற்சியும் வரவில்லை, தொற்றும் வரவில்லை என்று நெட்டில் படித்தீர்கள். படித்தது பொய்யில்லை. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைத்தான் அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். டிஎஸ்எஸ் என்றொரு ரசாயனம். எலி குடிக்கும் தண்ணீரில் அதை ஒரு வாரம் கலந்து கொடுத்தால் குடலின் உள்தோல் உரிந்து ரத்தப்போக்கு வரும். பெரும்பாலும் அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே பாக்டீரியாவைக் கொடுத்து வருவார்கள். தொற்றுக்கு சிட்ரோபேக்டர் ரோடென்டியம் என்று எலிக்கே உரிய கிருமி ஒன்றைக் கொடுப்பார்கள். சாதாரண எலி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அதிலிருந்து தேறிவிடும். ஒரே இனம், ஒரே கூண்டு, ஒரே தீனி. நோய் வருமுன் காப்பு போட்டுப் பார்க்கிற சோதனை இது. உங்களுக்கோ ரத்தம் வந்து இரண்டு மாதமாகிறது.

அதற்காகப் புரோபயாடிக் மொத்தமும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 1917இல், முதல் உலகப்போர் நேரம், வயிற்றுக்கடுப்பு பரவிய படையில் ஒரு சிப்பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆல்ஃபிரட் நிஸ்லே என்ற ஜெர்மானிய மருத்துவர் அந்தச் சிப்பாயின் மலத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது எது தெரியுமா? ஈகோலை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால் எதைத் தேடுகிறோமோ, அதே இனம். அதில் நோய் தரும் வகையும் இருக்கிறது, இப்படி உதவுகிற வகையும் இருக்கிறது. 2004இல் வெளியான ஆய்வில், அடங்கியிருக்கும் பெருங்குடல் புண் நோய் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதில் நிஸ்லேயின் பாக்டீரியா, அந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் மாத்திரைக்கு ஈடாக நின்றது. கவனியுங்கள்: அந்த வகை, அந்த நோய், அதுவும் நோய் அடங்கிய பிறகு. உங்கள் டப்பாவில் லாக்டோபேசில்லஸ் என்று மட்டும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த வகை என்று இல்லாவிட்டால், வடசென்னையில் இருக்கிறார் என்று மட்டும் முகவரி எழுதித் தபால் போடுவது மாதிரிதான்.

தீங்கே வராது என்பதும் சரியில்லை. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குத் தொற்று வராமல் தடுக்கலாம் என்று புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தது. தொற்று குறையவில்லை. வெற்று மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 6 சதவீதம், பாக்டீரியா பெற்றவர்களில் 16 சதவீதம். உங்களுக்குக் கணைய நோய் இல்லை, கேப்சூல் சாப்பிட்டதால் ஏதோ ஆகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். என் கோபம் வேறு: அது உங்களுடைய இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது.

பழைய சோறு கேட்டிருந்தீர்கள். நம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே அதைக் குடல் நோய்க்கு ஆய்வு செய்வதாகச் செய்தி வந்ததே, அதைப் படித்திருப்பீர்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள், சுத்தமான தண்ணீர் ஊற்றியதாக இருக்கட்டும். மருந்துக்குப் பதிலாக வேண்டாம்.

உங்கள் சித்தப்பா குடல் புற்றுநோயில் 64 வயதில் இறந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். 32 வயதில் இந்த அறிகுறிகளுக்கு நான் முதலில் நினைப்பது தொற்று, பெருங்குடல் புண் நோய், குடல் காசநோய், இந்த வரிசையில்தான். புற்றுநோய் பட்டியலில் கீழே இருக்கிறது. அது இல்லவே இல்லை என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி சொல்லிவிடும். உள்ளே பார்ப்பதோடு நிறுத்தாமல் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். நம் ஊரில் அது அவசியம். குடல் காசநோயும் குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். குரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைக் கொழுந்துவிட்டு எரிய வைக்கும். அதனால் யார் சொன்னாலும் ஸ்டீராய்டை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இந்த வாரமே ஸ்டான்லியில் குடல் நோய்ப் பிரிவு ஓபிக்குப் போங்கள். மலப் பரிசோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், ஹீமோகுளோபின், அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். கால்ப்ரொடெக்டின் என்றொரு மலப் பரிசோதனையும் உண்டு. 50க்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு, 250க்கு மேல் போனால் அழற்சி பலமாக இருக்கிறது என்று கொள்வோம். எண் எதுவானாலும், ரத்தம் வருகிறவருக்கு உள்ளே பார்க்காமல் விட முடியாது.

ஒரே நாளில் ஆறு தடவை அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 90ஐத் தாண்டினாலோ, வயிறு உப்பி இறுகினாலோ ஓபி நாளுக்குக் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு. போக்கை நிறுத்தும் லோப்பரமைடை அந்த நேரத்தில் விழுங்கவே கூடாது, குடல் வீங்கிக் கிழியும் அளவுக்குப் போய்விடும்.

போகும்போது மெட்ரோனிடசோல் அட்டை, வலி மாத்திரை அட்டை, கேப்சூல் டப்பா மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் எத்தனை போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி விஷயத்தை அந்தத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள்.