அந்த ஒரு பாட்டும் அதற்கு அப்புறமும்

அன்புள்ள சார்,

ஸ்வீடன் ராக் குழுவான யூரோப்பின் 'வார் ஆஃப் கிங்ஸ்' ஆல்பத்தை இன்னமும் திரும்பத் திரும்பக் கேட்பதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். உங்களை நம்பி முழுசாகக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். அவர்களுடைய பழைய ஹிட்டான 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' பாட்டில் வரும் அந்த டிரம்பெட் மாதிரி காதில் ஒட்டிக்கொள்ளும் ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாமே மெதுவாக, இருட்டாக இருக்கிறது. எண்பதுகளில் முடியைச் சிலுப்பிக்கொண்டு ஆடியவர்கள் ஐம்பது வயதில் சீரியஸான ஆட்கள் மாதிரி வேஷம் போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பழைய பாட்டைப் பாடினால் கூட்டம் வரத்தான் போகிறது, பிறகு எதற்கு இந்தப் புது ஆல்பம்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. ஆனால் முதலில் ஒரு திருத்தம். அது டிரம்பெட் இல்லை, கீபோர்டு. பாடகர் ஜோயி டெம்பஸ்ட் எண்பதுகளின் தொடக்கத்தில், நண்பர் மிக் மிக்கேலியிடம் இரவல் வாங்கிய கோர்க் பாலிசிக்ஸ் என்ற கீபோர்டில் போட்டுப் பார்த்த துண்டு மெட்டு அது. சில வருஷம் சும்மா கிடந்தது. கச்சேரியைத் தொடங்கிவைக்க அமர்க்களமாக ஒன்று வேண்டும் என்று நினைத்தபோது அதை எடுத்துத் தூசி தட்டிப் பாட்டாக்கினார்கள். 1986-இல் வந்தது, 25 நாடுகளில் முதலிடம் என்கிறார்கள். நான் அதை முதலில் கேட்டது 90 நிமிட கேசட்டில். கடைக்காரர் பக்கம் தீரப்போகிறதே என்று பார்க்காமல் பதிவு செய்துவிட்டதால் கடைசி அரை நிமிடம் கிடையாது, நடுவிலேயே டக்கென்று நின்றுவிடும். ரொம்ப வருஷம் பாட்டே அப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கீபோர்டு மெட்டு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத ஒரு ஆள் குழுவுக்குள்ளேயே இருந்தார், கிட்டார் வாசித்த ஜான் நோரம். குழு போகிற திசையே அவருக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பாட்டின் பெயரிலேயே வந்த ஆல்பம் உலகம் முழுக்கப் பிய்த்துக்கொண்டு போகிறது, வீட்டு வாசலில் ரசிகைகள் நிற்கிறார்கள், மனிதர் அந்த 1986-இலேயே குழுவை விட்டுக் கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் தனி ஆல்பம் போட்டார், அதில் எழுபதுகளின் கிட்டார் ராக் குழுவான தின் லிசியின் பாட்டு ஒன்றை எடுத்து வாசித்திருப்பார். அவருக்கு எது பிடிக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

அதனால் நீங்கள் 'வேஷம்' என்று எழுதியதைத்தான் நான் மறுக்கிறேன். வேஷம் என்று ஒன்று இருந்திருந்தால் அது எண்பதுகளில் இருந்தது. முடியும் மேக்கப்புமாக ஆடிய எண்பதுகளின் ராக் குழுக்களுக்குக் கொடுத்த ஹேர் மெட்டல் என்கிற பட்டமே (தமிழில் பெயர்த்தால் வசவாகிவிடும், அப்படியே விட்டுவிடுகிறேன்) லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஸ்ப்ரே அடித்த தலைகளைப் பார்த்து வைத்தது. இவர்கள் ஸ்டாக்ஹோமுக்கு வெளியே உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்ற புறநகரில் டீப் பர்ப்பிள், யூஎஃப்ஓ போன்ற பழைய பிரிட்டிஷ் ஹார்ட் ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த பையன்கள். எம்டிவி காலம், முடி இருந்தது, மெட்டும் இருந்தது, அந்த வரிசையில் இவர்களையும் நிற்கவைத்துவிட்டார்கள். சரி, அவர்களும் மறுத்துவிட்டு ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நோரம் இடத்தில் கீ மார்செல்லோ வந்தார், 1988-இல் ஒரு ஆல்பம், 1991 செப்டம்பரில் இன்னொன்று. அதே செப்டம்பரில்தான் அலங்காரமே இல்லாத முரட்டு ராக் வாசித்த நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தது, அதோடு முடிக்காரர்கள் கடையெல்லாம் காலி. 1992-இல் யூரோப்பும் ஒதுங்கிவிட்டது. 2004-இல் நோரத்தோடு திரும்பி வந்தபோது கிட்டாரைக் கீழே இறக்கி ட்யூன் செய்து, கீபோர்டைப் பின்னால் தள்ளி, தாங்கள் பழைய ஆட்கள் இல்லை என்று காட்டிக்கொள்ள ரொம்பவே மெனக்கெட்டார்கள். அந்த ஆல்பத்தைப் பார்த்து நீங்கள் வேஷம் என்று சொல்லியிருந்தால் நான் பாதி ஒத்துக்கொண்டிருப்பேன்.

'வார் ஆஃப் கிங்ஸ்' அப்படி இல்லை. 2015-இல் வந்த ஆல்பம், தயாரித்தவர் நாஷ்வில்லைச் சேர்ந்த டேவ் காப். ரைவல் சன்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பங்களைச் செய்தவர், அதே 2015-இல் கன்ட்ரி பாடகர் கிறிஸ் ஸ்டேப்பிள்டனின் முதல் தனி ஆல்பத்தைச் செய்தவரும் அவர்தான். அதாவது நாட்டுப்புற வாசனை உள்ள, பாலிஷ் போடாத சத்தத்துக்குப் பேர் வாங்கிய மனிதர். அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது முதல் பாட்டிலேயே காதில் விழுந்துவிடும். கொஞ்சம் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிட்டார் ஒரு கனமான ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டுத் துண்டு) அவசரமே இல்லாமல் இழுத்துக்கொண்டு வருகிறது, அதற்கு அடியில் ஹாமண்ட் ஆர்கன் என்ற பழைய மின்சார ஆர்கன், பழைய மர பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு உறுமல். அந்த ஆர்கனை வாசிப்பது யார் தெரியுமா? அன்றைக்குக் கோர்க்கை இரவல் கொடுத்த அதே மிக்கேலி. கீபோர்டு சத்தம் பிடிக்காமல் வெளியே போன மனிதர், கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து அதே கீபோர்டுக்காரரோடு தோளோடு தோள் நின்று வாசிக்கிறார், ஒருவர் சத்தத்தை இன்னொருவர் அமுக்கவில்லை. எனக்கு இந்த ஆல்பமே அந்த இரண்டு பேருக்கு நடுவில் நடந்த ஒரு சமாதானமாகத்தான் கேட்கிறது.

டெம்பஸ்ட்டின் குரலும் அப்படித்தான். உச்சியில் ஏறி நின்று கத்திய குரல் கீழே இறங்கி, கொஞ்சம் கரகரத்து, சொல்லைச் சாவகாசமாக விடுகிறது. 'பிரெய்ஸ் யூ' பாட்டில் பாருங்கள். இருபத்து மூன்று வயதில் அவரால் இதைப் பாடியிருக்க முடியாது, பாடியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்லவில்லை. வரிகள் சுமார் ரகம்தான், எப்போதுமே அப்படித்தான். 'டேஸ் ஆஃப் ராக் அண்ட் ரோல்' என்று ஒரு பாட்டு, அந்தக் காலம் போல வருமா என்கிற ரகம். இத்தனை நிமிர்ந்து நிற்கிற ஆல்பத்தில் அது மட்டும் பழைய வாடிக்கையாளருக்குத் தலையாட்டுகிறது. நடுவில் இரண்டு பாட்டுகளை எடுத்துவிட்டிருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். ஒட்டிக்கொள்ளும் மெட்டு இல்லை என்று நீங்கள் சொல்வதும் பாதி நிஜம். இது ரிஃபும் தாளமுமாக ஓடும் இசை. ஒட்டிக்கொள்ளும், நாள் ஆகும்.

பழைய பாட்டைப் பாடிவிட்டுப் போகலாமே என்கிறீர்கள். போகாமலா இருக்கிறார்கள்? அந்த 2015-இலேயே ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் விளம்பரத்தில் வந்தார்கள். ஆபீஸ் கேன்டீனில் ஒரு ஆள் மைக்ரோவேவில் சாப்பாடு சுடவைக்கிறான், நொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன, பக்கத்தில் இவர்கள் மொத்தக் குழுவும் நின்று ஃபைனல் கவுண்ட்டவுனை முழு வேகத்தில் வாசிக்கிறார்கள்! பார்த்துச் சிரித்தேன். அந்தப் பாட்டு அவர்களுக்குச் சோறு போடுகிறது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. அது சோறு போடுவதால்தான், விற்குமா என்று பயப்படாமல், வானொலிக்கு ஒன்று, காதலிக்கு ஒன்று என்று கணக்குப் பார்க்காமல், தங்களுக்குப் பிடித்த இசையை உட்கார்ந்து செய்ய முடிகிறது. 1986-இல் அவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது, அது இருந்திருந்தால் நோரம் போயிருக்கவே மாட்டார்.

அதற்கடுத்த வருஷம், 2016 நவம்பரில், லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கத்தில் ஃபைனல் கவுண்ட்டவுனின் முப்பதாம் ஆண்டுக் கச்சேரி. கூட்டம் வந்தது எதைக் கேட்க என்று எல்லோருக்கும் தெரியும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், முதலில் 'வார் ஆஃப் கிங்ஸ்' ஆல்பத்தை முழுசாக வாசித்தார்கள். முழுசாக, ஒரு பாட்டு விடாமல். அதற்குப் பிறகுதான் 1986 ஆல்பம். பந்தியில் பாயசம் கேட்டு உட்கார்ந்தவனுக்கு முதலில் சாப்பாடு போடுகிற மாதிரி. தங்கள் புது ஆல்பத்தின் மேல் இந்த அளவு நம்பிக்கை இருக்கிற பழைய குழுக்கள் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. பெரும்பாலானவர்கள் புதுப்பாட்டு ஒன்றை நடுவில் மன்னிப்புக் கேட்கிற தொனியில் நுழைப்பார்கள், கூட்டம் அந்த நேரம் பார்த்து பீர் வாங்கப் போகும்.

அந்தக் கச்சேரியின் பதிவு வந்திருக்கிறது. ஸ்டுடியோ ஆல்பம் உங்களுக்கு இருட்டாகப் பட்டதால் இதைப் பாருங்கள், முகங்களைப் பார்த்துக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். முதல் பாதியைத் தள்ளி ஓட்டாமல் உட்காருங்கள். உங்கள் டிரம்பெட் இரண்டாம் பாதியில் கட்டாயம் வரும்.