ஏரியில் குறையும் ஆக்சிஜனை வீட்டில் விலைக்கு வாங்க முடியுமா?

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். மே மாதம் முழுவதும் குழாய்த் தண்ணீரில் புழுதியில் மழை விழுந்தாற்போல மண்வாசனை வீசியது. அந்தச் சமயத்தில் வந்த விற்பனையாளர் ஒருவர், ஏரியில் ஆக்சிஜன் குறைந்துவிட்டதுதான் காரணம் என்று சொல்லி, இரண்டு கம்பிகள் கொண்ட ஒரு கருவியை எங்கள் தண்ணீரில் வைத்து மின்சாரம் கொடுத்தார். சற்று நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகிவிட்டது. ஆக்சிஜன் சேர்க்கும் இயந்திரத்தை 32,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வாங்க வேண்டாம். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விற்க வந்த பொருளில் அது இல்லை.

முதலில் அந்தக் கம்பிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பிகளில் ஒன்று இரும்பாக இருந்தால், மின்சாரம் பாயும்போது அந்த இரும்பே கரைந்து தண்ணீரைப் பழுப்பாக்கும். உப்புள்ள எந்த நல்ல தண்ணீரிலும் இது நடக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறமும் மாறாது. நீங்கள் பார்த்தது கம்பியிலிருந்து வந்த துருவே அன்றி, உங்கள் குழாயிலிருந்து வந்த அழுக்கு அல்ல. இந்தச் செய்முறையைக் காட்டி அச்சுறுத்தி விற்கும் எவரிடமும் எதையும் வாங்காதீர்கள்.

இனி ஏரிக்கு வருவோம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகிவிடும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் பூண்டியின் முழு ஆழம் 35 அடி, செம்பரம்பாக்கத்தின் ஆழம் 24 அடி. இத்தகைய ஆழமில்லா ஏரிகளைக் காற்றே அடிக்கடி கலக்கிவிடுகிறது. மேட்டூரைப் போல 120 அடி தேக்கும் ஆழமான நீர்த்தேக்கங்களின் இயல்பு வேறு. அங்கே வெயிலில் சூடேறிய மேல்நீர் இலேசாகி மேலேயே நின்றுவிட, அடியிலுள்ள குளிர்ந்த நீருடன் அது கலக்காமல் போகும் காலங்கள் உண்டு. அடிநீருக்குக் காற்றின் தொடர்பு அற்றுப்போன பிறகு, வண்டலில் அழுகும் இலையும் பாசியும் கழிவும் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். அது தீர்ந்ததும், அதுவரை வண்டலோடு ஒட்டிக்கிடந்த இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் நீரில் கரையத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவும் உண்டாகும். மேலே வந்த பாஸ்பரஸ் அடுத்த தலைமுறைப் பாசிக்கு உரமாகிறது. பல மட்டங்களில் திறப்புகள் உள்ள நீரெடுப்புக் கோபுரங்களைப் பொறியாளர்கள் கட்டுவது, கெட்டுப்போன அடிநீரைத் தவிர்த்து நல்ல மட்டத்திலிருந்து நீரெடுப்பதற்காகத்தான்.

உங்கள் வீட்டுக்கு வந்த மண்வாசனைக்கு, பெரும்பாலும், ஜியோஸ்மின் போன்ற பொருள்களே காரணமாக இருக்கும். நீலப்பச்சைப் பாசியும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிரிகளும் அவற்றை உண்டாக்குகின்றன. லிட்டருக்கு 10 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இந்த அளவில் ஜியோஸ்மினால் உடலுக்குத் தீங்கு இல்லை, குளோரினால் அது போவதுமில்லை. செயலூட்டிய கரி நிரப்பிய வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே செலவு செய்துதான் ஆக வேண்டுமென்றால், கார்பன் வடிகட்டி ஒன்றை வாங்குங்கள். எத்தனை லிட்டருக்குப் பிறகு கரியை மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கரி குளோரினையும் எடுத்துவிடுவதால், வடிகட்டிய நீரை நாள்கணக்கில் தேக்கி வைக்காமல் அன்றன்றே பயன்படுத்திவிட வேண்டும். மண்வாசனையாக இல்லாமல் சாக்கடை நாற்றமாக இருந்தால், அது பெரும்பாலும் ஏரியைச் சார்ந்ததன்று. குழாய் உடைந்து கழிவுநீர் கலந்திருக்கலாம் என்பதால், அந்த நீரைக் குடிப்பதை உடனே நிறுத்திவிட்டுக் குடிநீர் வாரியத்தில் புகார் செய்யுங்கள்.

இயந்திரம் சேர்க்கும் ஆக்சிஜனால் பயன் உண்டா என்பதை ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். லிட்டருக்கு 40 மில்லிகிராம் வரை அது ஏற்றுவதாகவே வைத்துக்கொள்வோம். 250 மில்லி தம்ளரில் 10 மில்லிகிராம் ஆகிறது. நாம் சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சில் ஏறத்தாழ 130 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதில் சுமார் 30 மில்லிகிராமை நுரையீரல் இரத்தத்துக்குத் தருகிறது. ஒரு தம்ளர் ‘ஆக்சிஜன் தண்ணீர்’ ஒரு மூச்சில் இரத்தத்துக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஈடு. அதிலும் ஒரு பகுதி சோடாவில் வாயு பிரிவதுபோலத் தம்ளரிலேயே காற்றில் கலந்துவிடும், மீதி வயிற்றுக்குப் போகும். வயிறு சுவாச உறுப்பு அன்று. கொதிக்கவைத்த தண்ணீர் சப்பென்றிருப்பதற்கு அதில் கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறியதும் ஒரு காரணம் என்பது உண்மைதான். அதற்குக் காபி ஆற்றுவதைப்போல இரண்டு பாத்திரங்களுக்கிடையே நான்கு முறை ஆற்றினாலே போதும்.

ஆக்சிஜன் தண்ணீர் நோய் தீர்க்கும் என்ற பேச்சை நம்பி ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள், ரசீதையும் விளம்பரத் தாளையும் பத்திரப்படுத்திக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தின் மீது நடவடிக்கை எடுக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுக் குழாய் நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். ‘கரைந்த ஆக்சிஜன்’ சோதனைக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அது அவசியமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: வீட்டுக் குழாய் நீருக்கு அவசியமில்லை. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-இல் கரைந்த ஆக்சிஜனுக்கு வரம்பு ஏதும் இல்லை; உலகச் சுகாதார நிறுவனமும் உடல்நலம் கருதி அதற்கு ஓர் அளவை நிர்ணயிக்கவில்லை. நீங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்த நீரில் அதை அளப்பதும் பொருளற்ற வேலை. வழியில் குலுங்கும்போதே காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏறிவிடும். ஹங்கேரி நாட்டு வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் வகுத்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அதில்கூட நீரெடுத்த இடத்திலேயே வேதிப்பொருள் சேர்த்து ஆக்சிஜனைப் பிணைத்துவிட வேண்டும்.

ஏரியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. வழக்கமான சுத்திகரிப்புக்கும் கிருமி நீக்கத்துக்கும் பிறகு குடிக்கத்தக்க நீர்நிலையில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராமும், கிருமி நீக்கம் மட்டுமே செய்து குடிக்கத்தக்க நீர்நிலையில் குறைந்தது 6 மில்லிகிராமும் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது. உங்கள் பணத்தை ஈ. கோலி (மலக் கலப்பைக் காட்டும் கிருமி), கலங்கல், எஞ்சிய குளோரின், நைட்ரேட், புளோரைடு, இரும்பு, கடினத்தன்மை ஆகிய சோதனைகளுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் பராமரிக்கும் குளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன. நீரூற்றுப் போன்ற காற்றேற்றும் கருவி ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். பிற்பகலில் வந்து மீட்டரில் அளந்து காட்டியபோது லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது. அப்படியிருந்தும் மீன் ஏன் சாகிறது?
– சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது மிக முக்கியமான கேள்வி. வெதுவெதுப்பான குளத்து நீரில் ஏழரை, எட்டுக்கு மேல் நிற்கக் கூடாத இடத்தில் 12 காட்டினால், அது குளத்தின் நலத்தைக் காட்டவில்லை, பாசியின் பெருக்கத்தையே காட்டுகிறது. வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதே பாசி சுவாசித்து அதைத் தீர்த்துவிடும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு வரும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெங்களூருவின் அல்சூர் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும்.

கருவியின் அழகைப் பார்க்காமல், மணிக்கு எத்தனை கிலோ ஆக்சிஜனை நீரில் சேர்க்கும், அதற்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். அடியிலிருந்து குமிழிவிடும் கருவி ஆழமான நீரில் நன்றாக உழைக்கும். ஐந்தாறு அடிக் குளத்தில் குமிழி கரைவதற்குள் மேலே வந்துவிடும் என்பதால் அங்கே துடுப்புச் சக்கரக் கருவி மேல். நீரூற்று பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது மேல்நீரைத்தான் அதிகம் கலக்கும்.

வாங்குவதற்கு முன் குளத்தைச் சுற்றி நடந்து சாக்கடை எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வீட்டுக் கழிவுநீர் வந்தால், அதை மட்கச் செய்யவே 20 முதல் 25 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அழுக்கு நீரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அரைக் கிலோ சேர்ந்தால்கூட, நாள்தோறும் 40, 50 யூனிட் செலவாகும். சாக்கடை ஓடும்வரை அந்தச் செலவு நிற்காது. வரத்தை அடைத்து, சேற்றையும் தூர்வாரிய பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள். வாங்கிய கருவியை நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓட்டுங்கள். விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஏப்ரல் அல்லது மே மாதத்தில் அதிகாலை ஐந்து மணிக்குக் குளத்தின் அடிப்பகுதியில் அளந்து 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே அதைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.