ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்

கேள்வி: பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் ஏழு வருடமாக இருக்கிறேன். நல்ல சம்பளம், இன்சூரன்ஸ், கம்பெனி பங்குகள் எல்லாம் உண்டு. ஆனால் நாள் முழுக்க மீட்டிங், நாலு வரி கோட் மாற்ற மூன்று பேர் ஒப்புதல். போன வருடம் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட ஆன்-கால் வாரம் (சர்வரில் எந்த நேரம் பிரச்சினை வந்தாலும் உடனே கவனிக்க வேண்டிய முறை) என்பதால் ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்போடுதான் உட்கார்ந்திருந்தேன். நண்பனின் கம்பெனியில் மொத்தமே ஒன்பது பேர், கூப்பிடுகிறான். அங்கே போனால் குடும்பத்துக்கு நேரம் கிடைக்குமா?

பதில்: தம்பி, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம், உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மீட்டிங்குக்கு ஒன்றரைப் பக்கம், அப்பாவின் ஆபரேஷனுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஆன்-கால் வாரம், சரி. அந்த முறையில் உங்களோடு எத்தனை பேர்? கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில், ஒரே இடத்திலிருந்து வேலை பார்க்கும் குழு என்றால் இதற்குக் குறைந்தது 8 பேர் வேண்டும் என்று கணக்கே போட்டிருக்கிறார்கள்: எப்போதும் இரண்டு பேர் தயாராக இருப்பார்கள், ஒருவருக்கு மாதத்தில் ஒரு வாரம்தான் முறை வரும். உங்கள் கம்பெனியிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அவர்களில் ஒருவரிடமாவது, "அப்பாவுக்கு ஆபரேஷன், இந்த வாரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வாரத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டீர்களா? கேட்டு மறுத்திருந்தால் அதை இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை, அப்படியென்றால் கேட்கவே இல்லை. பிரமோஷன் நேரம், மேனேஜர் என்ன நினைப்பாரோ என்று தோன்றியிருக்கும், இந்தக் காரணத்தை நான் எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். பெற்ற அப்பா உள்ளே மயக்கத்தில் கிடக்க, வாசலில் உட்கார்ந்து அலர்ட் பார்த்தது தப்பு. அம்மாவும் அதே வராந்தாவில்தானே இருந்திருப்பார்? அவருக்குத் தோள் கொடுக்க வேண்டிய நேரம் அது.

அந்த விசுவாசம் கணக்கில் ஏறும் என்று நினைத்தீர்களோ என்னவோ. ஃபேஸ்புக்கின் மெட்டா 2022 நவம்பரில் 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கியது, இரண்டே மாதத்தில் கூகுள் சுமார் 12,000 பேர் என்று அறிவித்தது. அந்தப் பட்டியல்களில் ராத்திரி கண்விழித்து சர்வரைக் காப்பாற்றியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

பெரிய கம்பெனியில் இருக்கும் பெரிய லாபம் சம்பளம் இல்லை. உங்கள் வேலையைச் செய்ய இன்னொருவர் இருக்கிறார், என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள், நீங்கள் ஒரு வாரம் இல்லாவிட்டாலும் எதுவும் நின்றுவிடாது. பலருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. வீட்டில் வயதானவர்களும் குழந்தையும் இருக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏழு வருடம் அங்கே இருந்தும் இந்த ஒன்றை மட்டும் நீங்கள் தொடவே இல்லை.

மீட்டிங் தொல்லை நிஜம்தான், மறுக்கவில்லை. சாஃப்ட்வேர் குழுக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஃப்ரெட் புரூக்ஸ் 1975லேயே சொன்ன கணக்கு அது, ஒன்பது பேர் ஒருவரோடொருவர் பேச 36 வழி போதும், ஐம்பது பேர் என்றால் 1,225. பங்குகளும் ஒரு கால்கட்டுதான், நாலு வருடத்தில் பிரித்துத் தருவார்கள், அது முடிவதற்குள் புதிதாகக் கொஞ்சம் கொடுப்பார்கள், கிளம்பும் நாள் தள்ளிக்கொண்டே போகும்.

நண்பனிடம் போனால் காலையில் எழுதியது சாயங்காலம் வாடிக்கையாளர் கையில் இருக்கும், வேலை தெரிந்தவருக்கு அது பெரிய சந்தோஷம். அதற்காகப் போகிறேன் என்றால் தாராளமாகப் போங்கள். குடும்பத்துக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பது பேரில் கோட் எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள், உங்கள் பகுதி உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அது படுத்தால் உங்கள் போன்தான் அடிக்கும், மாற்றிவிட ஆள் இருக்காது. எட்டுப் பேர் இருந்த இடத்திலேயே வாய் திறக்காதவர் அங்கே, அதுவும் நண்பனிடம், எப்படிக் கேட்பீர்கள்?

அப்பாவை அடுத்த பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்? தெரியாவிட்டால் இன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து கேளுங்கள். அன்று ஆன்-கால் உங்கள் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிவிட்டு, லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு அவரோடு போய் வாருங்கள். நண்பனுக்கு அதற்கப்புறம் பதில் சொல்லலாம்.