நாலு ஊர் நண்பர்களைப் பார்க்க ஒரு சுற்று: டிக்கெட்டை எப்படி வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 66, மனைவிக்கு 62. திருச்சி பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒன்றாகப் பயிற்சி பெற்ற நண்பர்கள் போபால், ஜான்சி, ஹரித்வார் ஆலைகளுக்கு மாற்றலாகி அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒருவர் வடோதராவில் மகள் வீட்டோடு இருக்கிறார். ஒரே பயணத்தில் நால்வரையும் பார்த்துவிட்டு வர ஆசை. இதற்கிடையே ஒரு ஹோட்டலில் விருந்துக்குக் கூப்பிட்டு, ஒன்றரை லட்சம் கட்டினால் 10 வருடம் நாடு முழுக்க இலவசமாகத் தங்கலாம் என்று ஹாலிடே மெம்பர்ஷிப் ஒன்றைச் சொன்னார்கள். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மகன் விமானத்தில் போகச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: முன்பணத்தை முதலில் கவனியுங்கள் ஐயா, அதில் நாள் தள்ளக் கூடாது. இந்த மெம்பர்ஷிப் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் தங்கப்போவது நண்பர்களின் வீட்டில். அப்படியே ஓரிரு இரவு வெளியே தங்க நேர்ந்தாலும் அதற்கு ஒன்றரை லட்சம் தேவையில்லை. இத்தகைய திட்டங்களில் கட்டிய தொகையோடு செலவு நிற்பதும் அபூர்வம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று தனியாகக் கேட்பார்கள், நாம் கேட்கும் நாளில் அறை இல்லை என்பார்கள்.

திட்டத்தில் சேர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும் என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே கடிதமாக எழுதி ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் வங்கிக்குப் போய் அதை நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விருந்தில் வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது என்பதால் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

இனி டிக்கெட். ரயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனது, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்த சலுகை அது. அது போன பிறகு உங்களைப் போன்றவர்களுக்கு மிச்சமிருக்கும் நல்ல வழி சுற்றுப் பயண டிக்கெட்தான். சர்குலர் ஜர்னி என்று கேட்டால் ரயில்வேயில் புரிந்துகொள்வார்கள். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வர வேண்டும், வழியில் எட்டு இடம் வரை இறங்கித் தங்கலாம். ரயில் கட்டணத்தில் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான விலை குறையும். ஊர் ஊராகத் தனி டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஆரம்ப விலையிலிருந்து கணக்குத் தொடங்கும். சுற்று டிக்கெட்டில் மொத்தத் தூரத்தையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணமாகக் கணக்கிடுகிறார்கள். லாபம் அங்கேதான்.

உங்களுக்கு வழி இப்படி அமையும்: திருச்சி, சென்னை, போபால், ஜான்சி, டெல்லி. பிறகு கோட்டா வழியாக வடோதரா. அங்கிருந்து புனே, குண்டக்கல், ரேணிகுண்டா, சென்னை, திருச்சி. ஹரித்வாருக்குப் போன பாதையிலேயே டெல்லி திரும்ப வேண்டியிருப்பதால் அந்தத் துண்டை மட்டும் தனி டிக்கெட்டாக வைத்துக்கொள்வது எளிது. இந்த டிக்கெட் ஆன்லைனில் கிடைக்காது. ஊர்களையும் தேதிகளையும் எழுதி, திருச்சி கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்தில் கொடுத்தால் கட்டணம் போட்டுத் தருவார்கள். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், அலுவலக வேலையை அதற்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நண்பர்களுக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் தேதி மாறினால் சுற்று டிக்கெட்டைத் திருத்துவது சுலபமல்ல. நால்வரிடமும் பேசி, தேதி உறுதி என்றால் மட்டும் அதை எடுங்கள். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் தனித்தனி டிக்கெட்டே நல்லது. ஒன்றை ரத்து செய்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். தட்கலை மட்டும் நம்ப வேண்டாம், உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது.

கீழ் பெர்த்துக்கு, பொது ஒதுக்கீட்டை விட்டு முதியோர் ஒதுக்கீட்டில் பதிவு செய்யுங்கள். தனியாகவோ இருவராகவோ போனால்தான் அது கிடைக்கும். துணைக்கு யாரையாவது மூன்றாவதாக அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த உரிமை போய்விடும், அவருக்குத் தனியாக எடுங்கள். சென்னையிலிருந்து போபால் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்துக்கு இரண்டடுக்கு ஏசியில் போங்கள். நடு பெர்த் இல்லாததால் பகலிலும் நினைத்த நேரத்தில் நிமிர்ந்து உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் இல்லை.

தனித்தனி டிக்கெட் எடுப்பதாக இருந்தால், மகன் சொல்லும் விமானம் திரும்பும் வழிக்கு மட்டும் யோசிக்கத் தக்கது. விமான நிறுவனங்களின் முதியோர் தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்தில் மட்டும்தான். பல நாட்களில் சாதாரண மலிவுக் கட்டணமே அதைவிடக் குறைவாக இருக்கும். வரி, பெட்டி, இருக்கைக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் காலம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வேண்டாம். டெல்லி வட்டாரப் பனிமூட்டத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜூலை, ஆகஸ்ட்டில் காவடி யாத்திரைக் கூட்டத்தால் ஹரித்வாரில் நகரவே முடியாது. பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் வரை போகலாம், ஹோலி நாட்களை மட்டும் தள்ளிவைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது ஜான்சி நிலையம் இப்போது வீராங்கனா லட்சுமிபாய் ஜான்சி என்ற பெயரில் இருக்கும். போபாலில் பெல் குடியிருப்புக்குப் பக்கம் ராணி கமலாபதி நிலையம், பழைய ஹபீப்கஞ்ச்தான் அது. நீங்கள் எடுக்கும் வண்டி அங்கே நிற்குமா, போபால் சந்திப்பில்தான் இறங்க வேண்டுமா என்று பார்த்து நண்பருக்குச் சொல்லிவிடுங்கள்.